அமாவாசைக் கிறிஸ்தவள்

பரிமளாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது செல்லம்மாள்தான். சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர். குரல் நல்ல குரல், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, "வந்துட்டாம்மா நம்ம அமாவாசைக் கிறிஸ்தவ! ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பரிமளாவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லையே.

ஆரணியில் பட்டுத் தறிக்கு விடுமுறை அமாவாசை அன்றுதான். ஞாயிறு என்பது பள்ளிக்கூடத்துக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் உள்ள லீவு. அதிலும் பரிமளாவின் வேலைக்கு ஞாயிறுதான் தலைபோகிற நாள். சனிக்கிழமை நெசவாளிகள் முடித்த புடவைகளைக் கடையில் போட்டுவிட்டுப் புதுப் பாவு வாங்கி வருவார்கள். பாவு என்றால் புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள், ஒரு தறிக்கு நாலாயிரத்துச் சொச்சம். தறியில் மிச்சம் நிற்கும் பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒன்றுக்கு ஒன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். இதுதான் பாவு பிணைப்பது. ஞாயிற்றுக்கிழமை பிணைத்தால்தான் திங்கட்கிழமை தறி ஓடும். பரிமளா முப்பது வருஷமாக அந்த வேலை செய்கிறாள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டில் தறி ஒரு நாள் முழுக்க நின்றது. மறுநாள் நெசவாளியின் பெண்சாதி இவளைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. ஆண்டவரைக் கும்பிட இன்னொருத்தர் அடுப்பை அணைப்பதா என்று இவளுக்கே மனசு ஒப்பவில்லை. அன்றோடு ஞாயிறு ஆராதனையை அமாவாசையிடம் ஒப்படைத்துவிட்டாள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் போவாள். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஆராதனை இல்லாவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வாள். வேலைக்குப் போகும் வழியில் பூட்டிய ஆலயத்தின் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டுப் போகலாம், போய்க்கொண்டும் இருந்தாள். அவள் ஏங்கியது திருவிருந்துக்கு. அதை ஜன்னல் வழியாக வாங்க முடியாது. அதற்குப் போதகர் வர வேண்டும். இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் ஒருவர், சபைகள் ஏழு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர் பெரிய ஆலயத்தில் இருப்பார். இங்கே உபதேசியார் ஜெபம் நடத்தி முடித்துவிடுவார், அப்பம் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அப்பமும் திராட்சை ரசமும் கொண்டு ஐயர் இந்தச் சின்ன ஆலயத்துக்கு வருவது மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும். ஆக, பரிமளாவின் கையில் அப்பம் விழ வேண்டும் என்றால் முதல் ஞாயிறாகவும் இருக்க வேண்டும், அமாவாசையாகவும் இருக்க வேண்டும். குதிரைக் கொம்பு!

கடைசியாக அவள் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. அன்று பக்கத்தில் புருஷன் இராஜமாணிக்கம் மண்டியிட்டிருந்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிற மனிதர், தோள் அகலம், பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொள்வார். மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அதன்பின் கொரோனா ஓய்ந்த ஒரு ஜனவரியில் நாள் கூடி வந்தது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனால், ஐயருக்கே காய்ச்சலாம், உபதேசியார் நிற்கிறார். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்கலாம். அந்தக் கிராதியின் முன்னால் தோளோடு தோள் இடிக்க மண்டியிடும்போது வாத்தியார் பெண்சாதி, கொத்தனார், நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர் எல்லாரும் ஒரே உயரம். அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் ஏழு வருஷம் பழசு.

அரிசிக் கடையில் கொடுத்த காலண்டரை டிசம்பரிலேயே புரட்டிப் பார்த்துவிட்டாள். ஆகஸ்டு நாலு, முதல் ஞாயிறு, ஆடி அமாவாசை. அதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அவள் தேவகி.

தேவகி சந்தவாசல்காரி. முப்பத்திரண்டு வயது. கட்டினவன் பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். பவித்ரா என்று எட்டு வயதுப் பெண். ஆரணியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, நாலு வருஷமாகப் பரிமளாவோடு சேர்ந்து பாவு பிணைத்தாள். இரண்டு பேர் உட்கார்ந்தால் பாவின் நடுவில் தொடங்கி, ஒருத்தி இடப்பக்கமும் ஒருத்தி வலப்பக்கமுமாக விலகிக்கொண்டே போவார்கள். காலையில் முட்டியோடு முட்டி இடிக்கும், ரகசியம் பேசலாம். சாயங்காலம் கத்திப் பேச வேண்டும். கிறிஸ்தவள் அல்ல தேவகி, திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். ஆனால் கேட்கிற காது அவளுக்கு இருந்தது.

"அது இன்னா ருசிக்கா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ருசியே இல்லடி. தண்ணியில கரைச்ச மாவு மாறி இருக்கும்."

"அதுக்கா ஏழு வருசமா ஏங்கிகினு கீற?"

"சொல்லத் தெரியல."

தேவகி சிரிக்கவில்லை. "வுடு, ஆகஸ்டு நாலு நானே உன்ன எழுப்பி அனுப்பறேன்" என்றாள்.

வைகாசியில் சம்பந்தம் வீட்டுத் தறிக்கு இருவரும் ஒரு கிளிப்பச்சைப் பாவு பிணைத்தார்கள். சம்பந்தம் ஐம்பத்தைந்து வயது நெசவாளி, சொந்த வீட்டில் இரண்டு தறி, கை சுத்தமான வேலைக்காரர், மூக்கு நுனியில் கோபம். அந்தப் பாவில் மூன்று புடவை நெய்து ஆனி மாதம் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடலின் நடுவே, பச்சைக்குள் பச்சையாக, முதலிலிருந்து கடைசிவரை மயிரிழை தடிமனில் ஒரு கோடு. இரண்டு புது இழைகளைச் சேர்த்து ஒரே பழைய இழையில் பிணைத்துவிட்டால் அப்படி விழும். மூன்றும் செகண்ட்ஸ் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சம்பந்தம் அங்கே வாயைத் திறக்கவில்லை. தெருவுக்கு வந்து திறந்தார். தேவகி தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். "போன்ல பேசிகினே பிணைச்சா இப்டித்தான் ஆவும்! ரெண்டு மாச உழைப்பும்மா என்னுது!" என்று கத்தினார். ஜன்னல்கள் திறந்தன. "நான் இல்லண்ணா" என்றாள் தேவகி. கோடு நடுவில் இருந்தது. நடு என்பது இருவரும் தொடங்கிய இடம், யார் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? சம்பந்தம் நியாயமான மனிதர்தான், பரிமளாவை அழைத்துக் கேட்டார். "நீ சொல்லு பரிமளா. உன் பக்கமா?"

"என் பக்கம் இருக்காதுண்ணா. முப்பது வருசத்துல என் கையில அப்டி வந்ததில்ல" என்றாள் பரிமளா.

பொய் சொல்லவில்லை அவள். அப்படித்தான் நம்பினாள். தேவகி அவளை ஒருமுறை பார்த்தாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தேவகியை எந்த வீட்டிலும் கூப்பிடவில்லை. தெருவில் கூப்பிடாதவளை ஊரில் யார் கூப்பிடுவார்? மூன்று வாரத்தில் அறையைக் காலி செய்து, பெண்ணோடு சந்தவாசலுக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பரிமளா அவளுக்காகத் தினமும் ஜெபித்தாள். ஜெபிப்பது நல்லதுதான், பஸ் செலவும் இல்லை.

ஆகஸ்டு மூன்று, சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமை பிணைக்க வேண்டிய பாவைப் பார்த்துவரச் சம்பந்தம் வீட்டுக்குப் போனாள். அவர் பெண்சாதி திலகவதி மறுநாள் ஆடி அமாவாசைக்காக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தறி மூலையில் கிடந்த கழிவுத் துண்டுகளை வாரி வாசலில் போட்டாள். அதில் ஒரு கிளிப்பச்சைத் துண்டு. புதுப் பாவு நெய்யத் தொடங்கும்போது முதலில் வரும் ஒரு முழத்தில்தான் பிணைத்த முடிச்சுகள் எல்லாம் இருக்கும். அதை வெட்டி ஒதுக்கிவிடுவார்கள், விளக்குத் துடைக்க ஆகும்.

"நான் எடுத்துக்கறேன் திலகா" என்று பரிமளா அதைக் கையில் எடுத்தாள். விரல் சும்மா இருக்குமா? முடிச்சுகளின் மேல் ஓடி, நடுவுக்குப் போய், நின்றது.

ஒரே பழைய இழையில் இரண்டு புது இழை. அதுவும் முறுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

பரிமளா பீச்சாங்கைக்காரி. ஆரணியில் பாவு பிணைக்கிற பெண்களில் இடக்கையால் முறுக்குகிறவள் அவளுக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். மற்றவர்கள் முறுக்கு ஒரு பக்கம் படுத்தால் அவளுடையது மறுபக்கம் படுக்கும். கண்ணில் தெரியாது, விரலுக்குத் தெரியும். கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தப் பாவு பிணைத்த அன்று சாயங்காலம் அவள் பக்க விளிம்பில் ஒரு பழைய இழை துணையில்லாமல் மிஞ்சியது. புதுப் பாவில் ஓர் இழை அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அறுந்திருக்கவில்லை. நடுவில் அவளே இரண்டாகப் பிடித்துவிட்டிருக்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இத்தனை நாள் அவள் கையிலேயே இருந்தது.

"தேவகி நாளைக்கிப் போறாளாம்க்கா, கேட்டியா?" என்றாள் திலகவதி, துடைப்பத்தை உதறியபடி. "வாலாஜா பக்கம் ஏதோ ஷூ கம்பெனியாம். ஆஸ்டல்லயே தங்கணுமாம். பொண்ண அம்மா வூட்ல வுட்டுட்டுப் போறா. பத்து மணிக்கு வேன் வருதாம். பாவம்."

"அப்டியா" என்றாள் பரிமளா.

அவ்வளவுதான் சொன்னாள். துண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே சம்பந்தம் உட்கார்ந்திருந்தார், நாலு எட்டு வைத்தால் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தத் தெரு கூடும், பேச்சு வரும், மனசு கலங்கும், நாளைய காலை கெட்டுப்போகும். ஏழு வருஷம் காத்திருந்த காலை அது. தேவகிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. நாளைக்கு ஆராதனை முடிந்த கையோடு ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று தன்னோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. செல்லம்மாள் முன்வரிசையில் பாயில் இடம் பிடித்து வைத்திருந்தார். "உனுக்குத்தான் வெச்சிகினு கீறேன், வா" என்றார். வாய் நீளம்தான், மனசும் அதே அளவுக்குப் பெரிசு. ஐயர் எழிலரசன் இளவயசுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்து, அங்கியை மாட்டி, வேகமாகப் பாட்டுக்கு எண் சொன்னார். எட்டே முக்காலுக்கு அவர் கண்ணமங்கலம் பக்கத்துச் சபையில் நிற்க வேண்டும்.

திருவிருந்துக்கு முன்னால் ஐயர் எப்போதும் சொல்லுகிறதைத்தான் அன்றும் சொன்னார். உங்கள்மேல் மனக்குறை உள்ளவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போய்ச் சமாதானமாகுங்கள், பிறகு இங்கே வாருங்கள் என்று. இதை நூறு முறை கேட்டிருக்கிறாள். நூறு முறையும் அது செல்லம்மாளுக்காகச் சொன்னது என்று நினைத்திருக்கிறாள்.

வரிசை எழுந்தது. கிராதிக்குப் போய் மண்டியிட்டாள். ஒரு பக்கம் வாத்தியார் பெண்சாதி, மறுபக்கம் கொத்தனார். தோள் இடித்தது. ஐயா, எவ்வளவு நாளாயிற்று! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஐயர் அந்தக் கோடியிலிருந்து அப்பத்தோடு வந்துகொண்டிருந்தார். கையை ஏந்தினாள். எல்லாரும் வலக்கையை மேலே வைப்பார்கள், இவளுக்குப் பழக்கம் இடக்கை மேலே. அந்த உள்ளங்கையைப் பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் காய்ப்பு. இந்த விரல்தான் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்தது. இதைத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறாள். இந்நேரம் சந்தவாசலில் ஒருத்தி பெண்ணுக்குத் தலைவாரிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

ஐயர் இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்டார். அப்பத்தின் வெள்ளை தெரிந்தது. பரிமளா கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"ஏய், இன்னாடி?" என்று செல்லம்மாள் பாயிலிருந்து கிசுகிசுத்தார். பரிமளா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சம்பந்தம் அப்போதுதான் குளத்தங்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்திருந்தார். வீட்டில் படையலுக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. காக்கைக்கு வைக்கிற வரைக்கும் யாரும் வாயில் பச்சைத் தண்ணீர் விடமாட்டார்கள். பரிமளா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். பையிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"நடுவுல பாருண்ணா. முறுக்கு எந்தப் பக்கம் பட்த்துனு கீதுன்னு தொட்டுப் பாரு. என் கைதான்."

சம்பந்தம் துண்டை வெயிலில் பிடித்தார். விரலால் தடவினார். மறுபடி தடவினார். முகம் கறுத்தது.

"அன்னிக்கித் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுண்ணா. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். இருக்காதுன்னு சொன்னேன்."

"எப்பப் பாத்த இத?"

"நேத்து சாய்ங்காலம்."

"நேத்து பாத்துட்டு இன்னிக்கி வந்து சொல்ற! நல்ல நாள் அதுவுமா!"

"இன்னிக்கி சர்ச்சுல அப்பம் வாங்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்ணா. வாங்க முடியல."

அவருக்கு அது முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் ஒருத்தி அழாமல் அப்படிச் சொல்லுகிறபோது அதில் விலை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேதம் படிக்க வேண்டியதில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ண தெருவுல நிக்க வெச்சி கத்தினவன் நான்" என்றார், யாருக்கோ சொல்லுகிறவர் போல. "சரி, நாளைக்கிப் போயி..."

"பத்து மணிக்கு வேன்ணா."

சம்பந்தம் உள்ளே பார்த்தார். அப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தது, வாழை இலை கழுவி வைத்திருந்தது. "காக்காவுக்கு வெக்காம எப்டி..." என்று இழுத்தார்.

திலகவதி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "காக்கா எங்கியும் போயிடாது. வேன் போயிடும். ஜல்தியா கெளம்புங்க" என்றாள்.

டிவிஎஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். இருவர் வயிறும் காலி. அவர் அப்பாவுக்காக, இவள் எதற்காக என்று இவளே கேட்டுக்கொண்டாள்.

சந்தவாசலில் தேவகி வீட்டு வாசலில் கட்டிய பை தயாராக இருந்தது. பவித்ரா அம்மாவின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவகி முதலில் சம்பந்தத்தைப் பார்த்தாள், பிறகு வெள்ளைப் புடவையோடு இறங்கிய பரிமளாவைப் பார்த்தாள். அவள் வாயில் முதலில் வந்தது கோபமில்லை.

"இன்னிக்கிதானேக்கா அந்த ஞாயிறு? போவலியா நீ?"

பரிமளா அதுவரைக்கும் தாங்கினாள். அதன்பின் தாங்கவில்லை, தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே துண்டைக் கொடுத்து, "என் கைதான்டி. உன் பக்கம் இல்ல. என் கை" என்றாள்.

தேவகியும் தொட்டுப் பார்த்தாள். இந்த வேலைக்காரர்கள் எல்லாருக்கும் விரலில்தான் கண். சம்பந்தம் தொண்டையைச் செருமினார். "நான் பேசினது தப்பும்மா. எந்தத் தெருவுல கத்தினேனோ அதே தெருவுல நாலு பேருக்கு நடுவுல சொல்றேன், வா. வேல இருக்குது."

"வேன் கண்ணமங்கலம் தாண்டிடுச்சாம்ணா. கையெழுத்து போட்டுட்டேன். நீங்க சொல்லுங்க, நான் இல்லன்னாலும் சொல்லுங்க."

"சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

பரிமளா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடு தேவகி."

தேவகி கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் இறுகிப்போனது. "அண்ணன் கத்தினது எனக்கு வலிக்கலக்கா. யாரோ கத்தறாங்க, போவுதுன்னு இருந்திருப்பேன். நீ என் முட்டி இடிக்க குந்திகினு இருந்தவ. 'இருக்காது'ன்னியே, ஒரு வாட்டி தேடிக்கூடப் பாக்காம." நிறுத்தினாள். "இப்ப சரின்னு சொன்னா அது பொய். எனக்கு வரலக்கா."

வேன் வந்தது. பவித்ரா கதறின கதறலில் ஓட்டுநரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேவகி ஏறிப் போனாள்.

அன்று மாலையே சம்பந்தம் சொன்னதைச் செய்தார். அமாவாசையன்று யாரும் இப்படிப் பேச்சை எடுத்துக்கொண்டு வீடு ஏறமாட்டார்கள். அவர் நாலு வீடு ஏறினார். நாலு வீட்டிலும், தப்பு பரிமளாவுடையது, அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது என்றார். கடைசியில் பரிமளாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தேவகி முன்னாடியே திலகாகிட்ட சொல்லியிருக்கா, நீ எதுக்காகக் காத்துகினு இருந்தன்னு. இனிமே மாசத்துக்கு மொத ஞாயிறு நீ என் வூட்டுக்கு வராத. சர்ச்சுக்குப் போ. என் தறி திங்கக்கிழம நின்னா நிக்கட்டும், செவ்வாக்கிழம ஓட்டிக்கறேன். மத்த நாலு வூட்டுலயும் பேசிட்டேன்."

முப்பது வருஷமாக அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று, கேட்காமலே வந்து வாசலில் நின்றது. பரிமளாவுக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

மறுநாள் ஐயர் போன் செய்தார். செல்லம்மாள் மூலம் பாதியும் ஊர் மூலம் மீதியும் அவருக்குத் தெரிந்திருந்தது. "புதன்கிழமை அந்தப் பக்கம் வர்றேன்மா. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கறேன்" என்றார்.

"வேணாங்க ஐயரே."

"ஏம்மா? நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டீங்க."

"நான் செஞ்சேங்க. அவளுக்கு இன்னும் சரியாவல. எனக்குப் பசி இல்லன்னு சொல்லலிங்க. ஏழு வருசப் பசி. ஆனா அவ ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் குடுங்க."

"அவங்க சொல்லவே இல்லைன்னா?"

ஐயர் போனிலேயே அவளுக்காக ஜெபம் சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு வந்தது. அமாவாசை மறுநாள்தான். ஆனாலும் பரிமளாவுக்கு வேலை இல்லை, சம்பந்தத்தின் தறி அவளுக்காக நிற்கப்போகிறது. காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆலயத்தைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். சந்தவாசல் போய்ப் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வாலாஜா பக்கத்து ஆஸ்டல் வாசலில் போய் இறங்கினாள். மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிறுதான் அங்கே பார்க்க விடுவார்கள் என்று தேவகியின் அம்மா சொல்லியிருந்தாள்.

தேவகி வெளியே வந்தாள், மெலிந்திருந்தாள். பெண்ணைத் தூக்கிக்கொண்டாள். பரிமளாவைப் பார்த்துத் தலையைக் கொஞ்சம் அசைத்தாள், பேசவில்லை. தாயும் மகளும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பரிமளா எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆரணி ஆலயத்தில் இந்நேரம் பாட்டு முடிந்து, வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாரும் பேசிக்கொண்டு நிற்பார்கள். வாயில் அந்த ருசியில்லாத ருசியை நினைத்துப் பார்த்தாள். ஏக்கம் குறையவே இல்லை, முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. மாலை பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள்.

அக்டோபரிலும் போனாள். அதே வேப்பமரம், அதே பெஞ்சு.

நவம்பரில் மழை தூறிக்கொண்டிருந்தது. மரத்தடி நனைந்துவிட்டதால் தேவகி பெண்ணோடு ஆஸ்டல் வராண்டாவில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பவித்ரா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து டீக்கடைக்கு ஓடி வந்தாள்.

"பெரிம்மா, நீங்க சாப்ட்டிங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

பரிமளா எழுந்து நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கம் தேவகி இவளைப் பார்க்காமல் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லன்னு சொல்லு கண்ணு" என்றாள்.